பொம்மையன் கோச்சான சாயங்காலம்

மாலை வெயில் சிறுமலை மேல் மஞ்சளாகப் படிந்திருக்கிறது. தோல் ஷாப்பில் பதனிடும் வேலை முடிந்து நேரே வந்த சூசைமாணிக்கம், கால்பந்து மைதானத்தின் கம்பிவேலிக்கு வெளியே கூட்டத்தோடு நிற்கிறான். இந்த வருஷம் ஆடிய ஆட்டமெல்லாம் ஊர் டீமுக்குத் தோல்விதான். எதிர்த்துப் பேசினான் என்று கோல்கீப்பர் பொம்மையனை விரட்டிவிட்ட கோச்சை மாற்றும்வரை உள்ளே கால் வைப்பதில்லை என்று ரசிகர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். இன்று டீம் செயலாளர் வேலுசாமியே கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு வேலியருகே வருகிறார். "பழைய கோச்சு போயாச்சுப்பா. இனிமே நம்ம பொம்மையன்தான் கோச்சு. உள்ள வாங்க." "நெசமாவா சொல்றீக?" என்று சூசைமாணிக்கம் கேட்கும்போதே, வேலுசாமியின் முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் வெறுங்காலுமாகப் பொம்மையன் சிரித்துக்கொண்டு வருவது தெரிகிறது. அவ்வளவுதான். விசில் காதைப் பிளக்கிறது, துண்டுகள் பறக்கின்றன, சைக்கிள் மணிகள் ஓயாமல் கிணுகிணுக்கின்றன. வாசல் வரை போகப் பொறுக்காமல் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைகிறது கூட்டம். முதல் ஆளாக ஓடிய சூசைமாணிக்கம், கட்டிப்பிடிக்கக் கைகளை விரித்தவன், தோல் பதனிடும் பட்டைச்சாறு ஊறி, ஈரம் காயாமல் சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்துத் தயங்குகிறான். "கையி கெடக்கட்டும், வாலே!" என்று பொம்மையன் அவனை இழுத்து அணைக்கிறான். "ஞாயித்துக்கெழம மதுரக்காரன் ஆட வாரான், தெரியும்ல?" "வரட்டும்லே!" மறுபேச்சுக்கு இடமில்லாமல் கூட்டம் பொம்மையனைத் தோளில் தூக்குகிறது. அந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு செந்நிறக் கைத்தடங்கள், எல்லோர் தலைக்கும் மேலே, வெயிலில் ஆடிக்கொண்டு போகின்றன.