பட்டத்துக் குதிரை

"யாருங்க அந்த மனோரஞ்சிதம்?"

அரியலூர் நாடகக் கொட்டகையின் பின்புறம், குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்த முருகையனின் கை அப்படியே நின்றது. குரும்பலூரிலிருந்து கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கிய அவன் மனைவி கிருஷ்ணம்மாள், வியர்வையைக்கூடத் துடைக்காமல் எதிரே நின்றாள்.

"எந்த மனோரஞ்சிதம்?"

"வூட்டுக்கு வந்தா தூக்கத்துல பேர் சொல்லிப் புலம்புறீங்களே, அவதான். அவளுக்கு மல்லியப்பூவாம், சந்தன சோப்பாம். சந்தைக்கு வந்த பக்கத்து வூட்டு ஆண்டாயி நீங்க வாங்குனதைப் பாத்துட்டு வந்து சொன்னா. எனக்கு ஒரு நா ஒரு முழம் பூ வாங்கியாந்திருப்பீங்களா?"

முருகையன் கையிலிருந்த கொள்ளைத் தொட்டியில் கொட்டினான். பிறகு சிரித்துக்கொண்டே குதிரையின் கழுத்தைத் தட்டினான்.

"இதோ நிக்கிறாளே, இவதான் மனோரஞ்சிதம். ஆஸ்திரேலியாவுலேருந்து கப்பல்ல வந்தவ. பட்டாளத்துல கழிச்சு விட்டதை எங்க முதலாளி வாங்கிட்டாரு. இவ மேடை ஏறுனாத்தான் கொட்டகை நிறையுது. ராஜாவோட பட்டத்துக் குதிரையைச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, பூ வெச்சு அனுப்ப வேணாமா?"

கிருஷ்ணம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வயிற்றெரிச்சல் முழுசாக அடங்கவில்லை. குதிரையின் பிடரி மயிர் வாரிவிட்டதுபோல் பளபளத்தது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் தன் தலையை ஒரு தடவை கோதியது உண்டா? போயும் போயும் ஒரு குதிரையைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆகிவிட்டதே.

கொட்டகைக்குள்ளிருந்து முதலாளி கூப்பிட்டார். "இங்கேயே இரு, வந்துடறேன்" என்று முருகையன் ஓடினான்.

அத்தனை கோபத்திலும் அவனுக்கென்று முந்தானையில் முடிந்து வந்த கடலை உருண்டையை எடுத்து, கிருஷ்ணம்மாள் குதிரையிடம் நீட்டினாள்.

"கோவிச்சுக்காத தாயி. தெரியாம உன்னை என்னென்னமோ பேசிப்புட்டேன்."

குதிரை கொள்ளுத் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் குரலை உயர்த்தினாள்.

"மனோரஞ்சிதம்... ஏ மனோரஞ்சிதம்."

குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. பக்கத்துக் கீற்றுத் தடுப்புக்கு மேலே, பாதி அரிதாரம் பூசிய ஒரு பெண்ணின் முகம் எட்டிப் பார்த்தது.

"என்னையா கூப்பிட்டீங்க, அக்கா?"