மம்மிக்கு ஒரு சமையலறை

அம்மா இறந்ததிலிருந்து தம்பி குணாளன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தெப்ராவ் பகுதியில் வேலை முடிந்து வந்ததும் அறைக்குள் போய்விடுவான். அதனால்தான் ரூபினி அந்தப் பொம்மைப் பெட்டியைத் தேடி வாங்கினாள். பிரமிடு கட்டி விளையாடும் எகிப்து சாகசக் கட்டைகள். தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. ஜொகூர் பாருவில் ஒரு கடையில் சீல் பிரிக்காத பெட்டி கிடைத்தது.

"அலமாக்! இது இன்னும் இருக்கா க்கா?" என்றான் குணாளன்.

சின்ன வயதில் அவர்களிடம் இதே செட் இருந்தது. பெட்டியில் மம்மி என்று போட்டிருந்ததால் அது அம்மாதான் என்று நினைத்துக்கொண்டார்கள். துணி சுற்றிய அந்தப் பொம்மைக்குக் குங்குமப் பொட்டு வைத்து, பிரமிடுக்குள் சமையலறை கட்டினார்கள். "செத்தப்புறமும் நான்தான் ஆக்கிப் போடணுமா?" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வீடு மாறியபோது அந்த செட் தொலைந்துபோனது.

குணாளன் சீலைக் கிழித்தான். உள்ளே இருந்த பைகளும் ஒட்டியபடியே இருந்தன. கடைசிப் பையில் மம்மி இருந்தது. அதன் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்தது.

"கடைக்காரர் வச்சிருப்பாரோ?" என்றாள் ரூபினி.

"பை ஒட்டியிருந்துச்சு லா."

அவன் தொட்டுப் பார்த்தான். குங்குமம் ஈரமாக வலது கை விரலில் ஒட்டியது.

இருவரும் பிரமிடைக் கட்டினார்கள். சமையலறைக்கு இடம் விட்டார்கள். மம்மியை அங்கே நிறுத்தியதும், "பசிக்குது க்கா," என்றான் குணாளன்.

ரூபினி சோறு போட்டாள். அவன் வலது கையைக் கழுவவில்லை. இடது கையில் கரண்டியைப் பிடித்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டான்.