கேட்காத கேள்வி

டைல்ஸ் கான்ட்ராக்டர் வெள்ளிங்கிரி வரி விசாரணைக் காப்பீடு எடுத்திருந்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த சின்னப் பெட்டி, அதிகாரி கேட்பதற்கெல்லாம் அவருடைய குரலிலேயே பதில் சொல்லும். அதிகாரி கேட்காததை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. எதற்கு வம்பு என்று வெள்ளிங்கிரி பதினொரு மாத விசாரணையிலும் வாயே திறக்கவில்லை.

கடைசி நாள் அதிகாரி வீட்டுக்கே வந்தார். மூன்று மணி நேரம் துருவினார். பெட்டி எதற்கும் அசரவில்லை. அவர் அலுத்துப்போய் ஃபைலை மூடினார். வந்தவரைச் சும்மா அனுப்ப மனம் வராமல் மனைவி மயிலாத்தா காப்பி கொண்டுவந்தாள்.

"தரை நல்லா சில்லுனு இருக்குங்கம்மா," என்றார் அதிகாரி.

"இதென்னங்க தரை! மதுக்கரையில எங்க இன்னொரு வீட்ட வந்து பாருங்க. பூரா இத்தாலி மார்பிளுங்க."

அந்த வீடு எந்தக் கணக்கிலும் இல்லை.

"கேட்காததைச் சொல்லிவிட்டீர்கள். காப்பீடு முடிந்தது. இனி நீங்களே பேசலாம்," என்றது பெட்டி, வெள்ளிங்கிரியின் குரலிலேயே.

அதிகாரி ஃபைலைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தார். பேசிப் பழக்கம் விட்டுப்போன வெள்ளிங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சக்கரை போதுமுங்களா?"