பிள்ளைவாளின் லாரி லைசென்ஸ்

சேரன்மகாதேவிச் சாலையில் பண்ணையார் தில்லைநாயகம் பிள்ளையின் புது லாரியை இன்ஸ்பெக்டர் மறித்தார். இன்ஸ்பெக்டரின் கோட்டில் தொங்கிய கடிகாரச் சங்கிலியில் ஒரு புலிநகம் ஆடியது.

"ஓட்டுதவன் லைசென்ஸ் எங்கே?"

டிரைவர் மாசானம் திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, தன் லைசென்ஸை நீட்டினார்.

"லாரிக்கும் சரி, பின்னால இழுத்துட்டு வார வண்டிக்கும் சரி, எல்லாம் என் பேருலதான்."

"நீரு ஓட்டுவீரா?"

"நான் எதுக்குவே ஓட்டணும்? அதுக்குத்தானே இந்தப் பயல வச்சிருக்கேன்."

"தூ! வேலை செய்யுதவன் இவன், பேரு மட்டும் உமக்கா? வெக்கமா இல்லையாவே?"

பிள்ளை அந்தப் புலிநகத்தையே பார்த்தார்.

"பாபநாசம் மலையில நீரு சுட்டதாச் சொல்லித் திரியுதீரே, அந்தப் புலியச் சுட்டது யாருவே? இதே மாசானம்தானே?"

இன்ஸ்பெக்டர் புலிநகம் மறையும்படி கோட்டை இழுத்து மூடிக்கொண்டார்.

"பைய ஓட்டிட்டுப் போலே" என்றார் மாசானத்திடம்.