காதில் வைத்த செய்தி

அப்பா அழைத்தால் மதிவதனி எடுப்பதில்லை. அவள் வயதுக்காரர்கள் யாருமே எடுப்பதில்லை. போன் அடித்தாலே யாரோ கதவை இடிப்பதுபோல் திடுக்கிடுகிறார்கள். துண்டித்துவிட்டு, 'மெசேஜ் பண்ணுங்கப்பா' என்று அனுப்புவாள். அவர் ஒருமுறைகூடப் பதில் அனுப்பியதில்லை. பிறகு அழைப்பதையும் நிறுத்திவிட்டார். ஒரு மாலை, சொல்லாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பி வந்தாள். அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்மேல கோபமாப்பா? எத்தனை மெசேஜ் அனுப்பினேன்."

"கோபமா? தெனமும் பேசிக்கிட்டுதானே இருக்கோம்" என்றார். "கண் ஆபரேஷனுக்கு நீதானேம்மா தைரியம் சொன்னே."

ஆபரேஷன் நடந்ததே அவளுக்குத் தெரியாது. உள்ளே போய், 'சாப்டீங்களாப்பா' என்று எழுதி அனுப்பினாள்.

பால்கனியில் அவருடைய போன் ஒருமுறை சிணுங்கியது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அப்படியே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எதிர் மாடிகளின் விளக்குகள் பனியில் கரைந்துகொண்டிருந்தன.

"சாப்பிட்டேம்மா. ரசம் மட்டும் வச்சேன்" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் சிரித்தார். அந்த ஒற்றை வரிக்கு மேல் அவள் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.

மெல்லப் பின்னால் போய் நின்று, அவர் காதருகே குனிந்தாள். போனுக்குள் அவளுடைய குரல்தான் பேசிக்கொண்டிருந்தது, எந்த அவசரமும் இல்லாமல். ஒரு நொடி நிறுத்தி, "அப்புறம், சொல்லுங்கப்பா" என்றது.