ஏழாவது பிளவு

பழைய பந்தயக் காரின் படம் ஷெட்டு மேசையில் கிடக்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் அதன் மேல் காசளவுக்கு விழுகிறது. பழைய கார்களைப் பற்றிப் புத்தகம் போடுகிற நிபுணர் பூதக்கண்ணாடியைப் படத்திலுள்ள பானட்டின் மேல் நகர்த்துகிறார். காற்றுப் போக ஏழு பிளவுகள். ஆறு நேராக இருக்க, ஏழாவது மட்டும் கோணிக்கொண்டு நிற்கிறது. "இதை வெச்சுதான் என்ன வண்டின்னு கண்டுபிடிச்சேன். கம்பெனிக்காரன் வேணும்னே சாய்ச்சது. உலகத்துலயே மூணு வண்டிக்குத்தான் இந்த அழகு." வேறொரு காரின் கதவில் ஒடுக்கு எடுக்க வந்த டிங்கர், சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கியபடி எட்டிப் பார்க்கிறார். "கம்பெனி போட்டது ஆறுதான் சார். இஞ்சின் கொதிக்குதுன்னு ஏழாவதை வெட்டினது எங்க அண்ணன். உளி வழுக்கிக் கட்டைவிரல் போச்சு. அந்தக் கோணல்தான் இது." நிபுணர் சிரிக்கிறார். "நல்லாத்தான் கதை விடுறீங்க பெரியவரே!"

படத்தின் ஓரத்தில், மட்கார்டின் மேல், ஒரு கை மட்டும் தெரிகிறது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. படமெடுத்தவன் அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறான். ஆள் விழாமல் கை விழுந்துவிட்டது. நிபுணர் அந்தக் கைக்கும் காருக்கும் நடுவே பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்திலிருக்கும் அச்சகக்காரியிடம் சொல்கிறார்: "இதை வெட்டிடுங்கம்மா, வண்டி அழகைக் கெடுக்குது."

டிங்கர் தன் கரியேறிய உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் அழுத்தி வைக்கிறார்.

"ஐயோ, கறை படுது, எடுங்க!"

"எடுக்க மாட்டேன். அந்தக் கை ஒருதரம் வெட்டுப்பட்டது போதும் சார்."