அவர் நெற்றி

அவள் ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தபோது கணவரின் நெற்றியில் மூன்று பட்டை பளிச்சென்று இருந்தது.

பாவி மனுஷன்! கை அசைக்க முடியாமல் கிடக்கிறவரிடம்தான் வீரத்தைக் காட்ட வேண்டுமா?

கட்டிலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் திருமேனி நின்றிருந்தார். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். விரல்களில் திருநீறு இன்னும் ஒட்டியிருந்தது.

இருபது வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனும் தம்பியும் இட்லி ஆறி அவலாகும்வரை சண்டை போட்டார்கள்.

அறிகிறவன் இல்லாமல் எதுவும் இருக்க முடியாது என்பார் திருமேனி. நாம் எல்லோரும் தூங்கும்போதும் உலகம் இருக்கிறதே, அப்படியானால் தூங்காத ஒருவன் அதை அறிந்துகொண்டே இருக்கிறான், அவன்தான் கடவுள் என்பார்.

"எவனும் பார்க்காட்டியும் மலைக்கோட்டை அங்கேயேதான்டா இருக்கும்" என்பார் இவர்.

கிளம்பும்போது தம்பி வம்புக்கென்றே அண்ணன் நெற்றியில் திருநீறு பூசுவார். இவர் அவர் கண்ணெதிரிலேயே துண்டால் துடைப்பார். அதற்குப் பிறகுதான் காபி.

இன்றோடு பதினோரு நாள், இவருக்கு நினைவில்லை. மூச்சுகூட இயந்திரம் விடுவதுதான்.

அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்தாள்.

"விடுங்க அண்ணி. அண்ணனுக்கு என்ன தெரியவா போகுது?"

அவள் பஞ்சைப் பிழிந்தாள்.

"உடம்புதான் கிடக்குது. அறிவு போச்சுன்னா ஆளே இல்லைன்னுதான் அர்த்தம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

வீட்டுக்கு என்றால் எதற்கு என்று அவளுக்குத் தெரியாதா? இயந்திரத்தைக் கழற்றினால் தெருமுனைகூடத் தாங்காது.

அவள் திருமேனி பக்கம் திரும்பினாள்.

"நாம தூங்கினாலும் சாமி பார்த்துக்கிட்டே இருக்கு, அதனாலதான் எல்லாம் இருக்குன்னீங்களே தம்பி. இவரை மட்டும் பார்க்காம விட்டுடுச்சா?"

திருமேனி அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"இவரு இல்லைன்னா உங்க சாமியும் இல்லைன்னு சொல்லுங்க. சொல்லிட்டுக் கிளம்புங்க."

அவர் அதைச் சொல்லாமலே கிளம்பினார்.

அவள் துடைத்தாள். புருவத்து முடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை.

பிறகு கைப்பையைத் திறந்தாள்.

உள்ளே காகிதத்தில் மடித்த திருநீறு. பதினோரு மடிப்பு. தினமும் விடிந்ததும் மலைக்கோட்டைப் படியேறி, இவர் பிழைக்க வேண்டும் என்று அழுது வாங்கி வந்தவை. ஒன்றைக்கூட இவருக்குப் பூசியதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பார்?

இன்றைய மடிப்பைப் பிரித்துத் தன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள்.

நாற்காலியை இழுத்து, அவர் கண்ணைத் திறந்தால் நேராகத் தெரிகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

கிண்டல் பண்ணட்டும்.